தி அல்டிமேட் ஃபைட்டர்: புதிதாகப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தி அல்டிமேட் ஃபைட்டர் பார்க்க உட்காரும் யாருக்கும் முதல் இரண்டு எபிசோடுக்குள் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். கூட உட்கார்ந்து பார்த்தவர்கள், நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பலரும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை போகப் போக. ரசிகர்கள் வழக்கப்படி ஷோவை 'டஃப்' என்றே சுருக்கிச் சொல்கிறேன். பழைய சீசன்களில் யார் ஜெயித்தார்கள் என்பது பதில்களுக்குள் வரும். அது தெரியாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் "எந்த சீசன்ல இருந்து ஆரம்பிக்கலாம்?" என்ற கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

இது என்ன ஷோ? மொத்தத்துல என்னதான் நடக்குது?

எம்எம்ஏ என்பது குத்து, உதை, மல்யுத்தம், தரையில் பூட்டு போடுவது எல்லாம் கலந்த சண்டைப் போட்டி. அதில் உலகின் மிகப் பெரிய நிறுவனம் யூஎஃப்சி. அந்த நிறுவனம் நடத்தும் ரியாலிட்டி போட்டிதான் டஃப். வழக்கமாக 16 ஃபைட்டர்களை லாஸ் வேகஸில் ஒரே வீட்டில் தங்க வைத்து, இரண்டு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு பெரிய வீரரைக் கோச்சாகப் போடுவார்கள். தினமும் பயிற்சி நடக்கும். நடுநடுவே எதிரணி ஆட்களோடு ஃபைட். தோற்றவர் போட்டியிலிருந்து விலகுவார், ஆனால் பெரும்பாலான சீசன்களில் வீட்டிலேயே தங்கிப் பயிற்சியைத் தொடர்வார். மிஞ்சும் இருவர் ஃபைனலில் மோதுவார்கள். ஜெயித்தவருக்கு யூஎஃப்சி ஒப்பந்தம்.

முதல் எபிசோடு 2005 ஜனவரி 17 அன்று அமெரிக்காவில் ஸ்பைக் டிவியில் வந்தது. 2012இல் எஃப்எக்ஸுக்கும், 2013 செப்டம்பரில் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் 1க்கும் மாறியது. 2018க்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, 2021இல் ஈஎஸ்பிஎன் ப்ளஸில் திரும்ப வந்தது.

இது பிக் பாஸ் மாதிரிதானே? வீடு, கேமரா, சண்டை...

வீடும் கேமராவும் ஒன்றுதான். ஆனால் இங்கே ஓட்டு கிடையாது. யாருக்கு ரசிகர்கள் அதிகம், யார் நல்லவராகத் தெரிகிறார் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்தவர், சண்டை நடக்கும் கம்பிக் கூண்டுக்குள் 40 விநாடியில் விழலாம். யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவர் கோப்பையைத் தூக்கலாம்.

எடிட்டிங் உண்டு. பல வாரப் படப்பிடிப்பைச் சில மணி நேரமாகச் சுருக்கும்போது யாரை வில்லனாகக் காட்டுவது என்று அவர்கள் முடிவு செய்யத்தான் செய்வார்கள். அதனால் வீட்டுக் காட்சிகளை வைத்து ஒருவரின் குணத்தை எடை போடாதீர்கள். ஃபைட்டை வைத்து எடை போடுங்கள், அங்கே யாரும் எடிட் செய்து ஜெயிக்க வைக்க முடியாது.

அடிக்கிறது நெஜமாவே அடிக்கிறாங்களா?

நிஜம்தான். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் இந்தப் போட்டிகளை மேற்பார்வை செய்கிறது. நடுவர், தீர்ப்பாளர்கள், டாக்டர்கள் எல்லோரும் உண்டு. மல்யுத்த நிகழ்ச்சிகளில் முடிவை முன்கூட்டியே தீர்மானிப்பது போல இங்கே எதுவும் நடப்பதில்லை. உடைகிற மூக்கு உண்மையிலேயே உடைகிறது.

எப்ப ஜெயிச்சாங்க, எப்படி ஜெயிச்சாங்கன்னே புரியலையே?

பெரும்பாலும் நான்கு வழி. அடி வாங்கி நினைவு தப்பினால் நாக்அவுட். நினைவு இருக்கிறது, ஆனால் தன்னைக் காத்துக்கொள்ள முடியவில்லை என்று நடுவர் நிறுத்தினால் டெக்னிக்கல் நாக்அவுட். கழுத்திலோ மூட்டிலோ பூட்டு விழுந்து, தாங்க முடியாமல் கையால் தட்டினால் சப்மிஷன். எதுவும் நடக்காமல் நேரம் முடிந்தால் மூன்று தீர்ப்பாளர்களின் முடிவு.

கவனிக்க வேண்டியது அந்தத் தட்டல். எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு மூன்று முறை படபடவென்று தட்டுவார்கள், கண் சிமிட்டினால் தெரியாது. அதைத் தவறவிட்டவர்கள்தான் "ஏன் திடீர்னு விட்டுட்டாங்க?" என்று கேட்பது.

தரையில படுத்துக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே இருக்காங்க. போரடிக்குதே?

என்ன நடக்கிறது என்று தெரியாதவரை போரடிக்கும். தெரிந்துவிட்டால் அங்கிருந்து கண்ணை எடுக்க முடியாது. மேலே இருப்பவர் எந்தக் கையை மாட்டப் பார்க்கிறார், கீழே இருப்பவர் இடுப்பை எந்தப் பக்கம் நகர்த்துகிறார் என்று மட்டும் பாருங்கள்.

நல்ல உதாரணம் பத்தாவது சீசன். தெருச் சண்டை வீடியோக்களால் புகழ்பெற்ற கிம்போ ஸ்லைஸ் உள்ளே வந்தார். அவருடைய குத்தைப் பார்க்கத்தான் கூட்டமே உட்கார்ந்திருந்தது. எதிரில் தொப்பையோடு ராய் நெல்சன். நெல்சன் கிம்போவைத் தரைக்குக் கொண்டுபோய், பக்கவாட்டில் படுத்து, அவருடைய ஒரு கையைத் தன் கால்களுக்கு நடுவிலும் இன்னொரு கையைத் தன் கையாலும் மாட்டிக்கொண்டார். பிறகு முகத்தில் சின்னச் சின்னக் குத்து. ஒவ்வொன்றும் பெரிய அடியே இல்லை. ஆனால் இரண்டு கையும் மாட்டியிருப்பவரால் ஒன்றைக்கூடத் தடுக்க முடியாது. இரண்டாவது ரவுண்டில் நடுவர் நிறுத்தினார். "அந்த அடிக்கா நிறுத்துவாங்க?" என்று அப்போது கேட்டவர்கள் பலர். அடியின் பலத்துக்காக நிறுத்தவில்லை, தப்பிக்க வழியில்லை என்பதற்காக நிறுத்தினார். அந்த சீசனை நெல்சன்தான் ஜெயித்தார்.

சில ஃபைட் ரெண்டு ரவுண்டுல முடியுது, சிலது மூணு. என்ன கணக்கு?

வழக்கமான யூஎஃப்சி ஃபைட் 5 நிமிட ரவுண்டு மூன்று. டஃப் வீட்டுக்குள் நடக்கும் ஆரம்பச் சுற்றுகள் இரண்டே ரவுண்டு. ஆளுக்கு ஒன்று ஜெயித்து சமமாக இருந்தால் 'சடன் விக்டரி' என்று மூன்றாவது ரவுண்டு வைப்பார்கள், அதை ஜெயிப்பவருக்கே ஃபைட். பல சீசன்களில் அரையிறுதியும் ஃபைனலும் முழு மூன்று ரவுண்டு.

இரண்டு ரவுண்டு முறை ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. முதல் ரவுண்டைக் கோட்டைவிட்டவருக்கு நிதானமாக மீண்டு வர நேரம் கிடையாது, அடுத்த மணி அடித்ததுமே பாய வேண்டும். மெதுவாகச் சூடு பிடிக்கிற ஃபைட்டர்களுக்கு இந்த ஷோ எப்போதும் பாதகம்தான் என்பது என் எண்ணம்.

ஆளுக்கு ஒரு ரவுண்டு ஜெயிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா மூணாவது ரவுண்டு வைக்காம முடிவு சொல்லிட்டாங்களே?

ரவுண்டை ஜெயித்தவருக்கு 10 புள்ளி, தோற்றவருக்கு வழக்கமாக 9. ஒருவர் மிகத் தெளிவாக ஆதிக்கம் செலுத்தினால் தோற்றவருக்கு 8 மட்டும் கொடுக்கலாம். அப்படி ஒரு ரவுண்டு 10-8 ஆகவும், மற்றது எதிராளிக்கு 10-9 ஆகவும் போனால் கூட்டுத்தொகை 19-18. சமம் இல்லை, அதனால் கூடுதல் ரவுண்டு தேவையில்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். உங்கள் கண்ணுக்குச் சமமாகப் பட்ட ஒரு ரவுண்டு தீர்ப்பாளர்களுக்கு அப்படிப் படாமல் இருந்திருக்கும். கூண்டு ஓரம் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் டிவியில் பார்ப்பவருக்கும் ஒரே அடி ஒரே மாதிரி தெரிவதில்லை.

ஷோவுல தோத்தவரோட ரெக்கார்டைத் தேடிப் பார்த்தேன். அந்தத் தோல்வியே அதுல இல்லையே?

இருக்காது. வீட்டுக்குள் நடப்பவை கண்காட்சிப் போட்டிகளாகவே அனுமதி பெறுகின்றன, தொழில்முறை வெற்றி தோல்விக் கணக்கில் சேராது. அடி நிஜம், முடிவு நிஜம், கணக்கு மட்டும் தனி. இப்படி வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் ரகசியம். அதிகாரபூர்வப் போட்டி என்றால் முடிவை உடனே வெளியிட வேண்டும். எபிசோடு வருவதற்கு முன்பே யார் ஜெயித்தார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டால் ஷோவைப் பார்க்க என்ன இருக்கிறது? ஃபைனல் பொதுமக்கள் முன்னால் நடப்பதால் அது மட்டும் முழுக் கணக்கில் சேரும்.

யார் யாரோட மோதணும்னு யாரு முடிவு பண்றது?

கோச்சுகள்தான். தொடக்கத்தில் காசு சுண்டுவார்கள். ஜெயித்த கோச், முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பதா அல்லது முதல் ஃபைட்டை அமைப்பதா என்று ஒன்றைக் கேட்டுக்கொள்வார். அதன் பிறகு பெரும்பாலான சீசன்களில், கடைசி ஃபைட்டை ஜெயித்த அணிக்கே அடுத்த ஃபைட்டை அமைக்கும் உரிமை.

அந்த உரிமை கையில் இருப்பது பெரிய பலம். தன் அணியில் காயத்தோடு இருப்பவரைப் பின்னால் தள்ளலாம், எதிரணியில் எடை குறைக்கத் திணறுகிறவரை அவசரமாக மேடையேற்றலாம். கோச் "அவனை இப்போ போடு" என்று சொல்லும்போது, அவர் திறமையை மட்டும் பார்க்கவில்லை, எதிராளியின் சாப்பாட்டுத் தட்டையும் பார்த்திருப்பார்.

எடை குறைக்கிறதுக்கு ஏன் இவ்ளோ அவஸ்தைப்படுறாங்க? அவங்க எடையிலேயே சண்டை போட்டா என்ன?

ஃபைட்டுக்கு முந்தைய நாள் எடை பார்ப்பார்கள். ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஒரு உச்ச வரம்பு உண்டு, லைட்வெயிட் பிரிவு என்றால் 155 பவுண்டு, அதாவது சுமார் 70.3 கிலோ. தராசில் ஏறும் அந்த ஒரு நிமிடம் மட்டும் 70 இருந்தால் போதும், மறுநாள் கூண்டுக்குள் 76, 77 கிலோவாக நிற்கலாம். எதிராளி இதைச் செய்யும்போது நீங்கள் செய்யாவிட்டால், உங்களைவிடப் பெரிய உடம்போடு மோத வேண்டியிருக்கும். அதனால் எல்லோரும் செய்கிறார்கள். கடைசி நாளில் குறைவது கொழுப்பு இல்லை, தண்ணீர். தண்ணீர் குடிப்பதை நிறுத்தி, சானா என்ற சூட்டறையிலும் வெந்நீர்த் தொட்டியிலும் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உடை போட்டு ஓடி வியர்வையாக வெளியேற்றுவார்கள்.

ஐந்தாவது சீசனில் கேப் ரூடிகர் கேக் சாப்பிட்டதை இன்றும் எல்லோரும் சொல்வார்கள். பிறகு சானாவில் தாக்குப்பிடிக்க முடியாமல், எடைக்கு வர முடியாமல் ஷோவிலிருந்தே போனார். எனக்கு அது சிரிக்கும் காட்சியாக ஒருபோதும் தோன்றியதில்லை. உடம்பில் தண்ணீரே இல்லாத ஒருவர் எழுந்து நிற்க முயல்வதை அருகிலிருந்து காட்டுகிறது அந்த எபிசோடு. கட்டுப்பாடு உள்ளவர்களுக்கும் இது நடக்கும். 26ஆவது சீசன் பெண்களின் ஃப்ளைவெயிட் பட்டத்துக்கான போட்டி. ஃபைனல் வரை வந்த சிஜாரா யூபாங்க்ஸ் கடைசி நேர எடைக் குறைப்பில் மருத்துவமனைக்குப் போனதால் பட்டப் போட்டியை இழந்தார். அவருக்குப் பதிலாக ராக்ஸன் மோடஃபெரி வந்தார், நிக்கோ மொன்டானோ ஜெயித்து அந்தப் பிரிவின் முதல் சாம்பியன் ஆனார்.

ஆறு வாரத்துல மூணு ஃபைட்டா? உடம்பு தாங்குமா?

இந்த ஷோவின் உண்மையான போட்டியே இதுதான் என்பேன். ஒரு யூஎஃப்சி வீரர் சாதாரணமாக ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை மோதுவார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம் தயாராவார், முடிந்ததும் ஓய்வு. டஃப் படப்பிடிப்பு சுமார் ஆறு வாரம். ஏழாவது சீசனிலிருந்து பல சீசன்களில் வீட்டுக்குள் நுழையவே ஒரு ஃபைட் ஜெயிக்க வேண்டும். அதையும் சேர்த்தால் ஃபைனலுக்கு முன்பே நான்கு. ஒவ்வொரு முறையும் மேலே சொன்ன எடைக் குறைப்பு வேறு.

அதனால் இரண்டாவது சுற்றிலிருந்து யார் திறமைசாலி என்று பார்ப்பதைவிட, யார் குறைந்த சேதத்தோடு வந்திருக்கிறார் என்று பாருங்கள். உதை தடுத்த கால் வீங்கியிருக்கிறதா? புருவத்தில் தையல் இருக்கிறதா? பயிற்சியில் எந்தக் கையைப் பயன்படுத்தாமல் ஒளிக்கிறார்? முதல் சுற்றைச் சீக்கிரம், காயமில்லாமல் முடித்தவருக்கு இது பெரிய மூலதனம். சப்மிஷன் தெரிந்தவர்கள் இந்த ஷோவில் அடிக்கடி தூரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கை எலும்பு உடையாமல் ஜெயிக்கலாம். ஏழாவது சீசனின் அமீர் சதோல்லா அதற்கு முன் ஒரு தொழில்முறை ஃபைட்கூட ஆடாதவர். அரையிறுதியிலும், தோற்றவரைத் திரும்ப அழைத்ததால் ஃபைனலிலும், சிபி டாலவேயை ஆர்ம்பார் என்ற முழங்கைப் பூட்டு போட்டே தட்ட வைத்தார்.

வீட்டுல ஃபோன் கிடையாது, டிவி கிடையாது. ஆனா சரக்கு மட்டும் இருக்கே?

ஃபோன், டிவி, இணையம், பாட்டு எதுவும் இல்லை. வெளியுலகத் தொடர்பு முழுவதும் துண்டிப்பு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அடுத்து யாரோடு மோதப்போகிறோம் என்று யோசித்துக்கொண்டு நாளைக் கழிக்க வேண்டும். ரகசியத்துக்கு அது தேவை, கேமராவுக்கும் தீனி. மது வைத்திருந்தது டிவிக்காகத்தான். அதைப் பாராட்ட என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

முதல் சீசனில் நடந்ததைப் பாருங்கள். அப்பா இல்லாமல் வளர்ந்த கிறிஸ் லெபெனை பாபி சவுத்வொர்த் அதைச் சொல்லியே திட்டினார். மனம் உடைந்த லெபென் வெளியே போய்ப் படுத்தார். தூங்கிக்கொண்டிருந்தவர் மேல் குழாயால் தண்ணீர் அடித்தார்கள். எழுந்து வந்தவர் ஆத்திரத்தில் கண்ணாடியை உடைத்துக் கையைக் கிழித்துக்கொண்டார். தண்ணீர் அடித்த கூட்டத்தில் இருந்த ஜாஷ் கோஸ்செக்கோடு அவரை மோத விட்டார்கள். ஊரே லெபென் பக்கம். ஆனால் கல்லூரி மல்யுத்த சாம்பியனான கோஸ்செக் அவரைத் தரையில் அழுத்திப் பிடித்தே முடிவை வாங்கிவிட்டார். மனசுக்கு நியாயமாகப் படுவதற்கும் கூண்டுக்குள் நடப்பதற்கும் சம்பந்தமில்லை என்று முதல் சீசனிலேயே இந்த ஷோ காட்டிவிட்டது.

எல்லாரும் முதல் சீசன் ஃபைனலைப் பத்தியே பேசறாங்க. அப்படி என்ன இருக்கு அதுல?

யூஎஃப்சியை 2001இல் ஃபெர்டிட்டா சகோதரர்கள் 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 2004 வாக்கில் 3 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். டிவி சேனல்கள் இந்த விளையாட்டைத் தொடவே பயந்த காலம். கடைசி முயற்சியாக, தயாரிப்புச் செலவையும் தாங்களே ஏற்று ஸ்பைக் டிவியில் இந்த ஷோவைப் போட்டார்கள். அடுத்த சீசன் வருமா என்பது உறுதியாகாத நிலையில்தான் 2005 ஏப்ரல் 9 அன்று ஃபைனல் நடந்தது.

அன்று டியாகோ சான்செஸ் மிடில்வெயிட்டில் கென்னி ஃப்ளோரியனைச் சுலபமாக முடித்தார். பிறகு லைட் ஹெவிவெயிட்டில் ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் பானரும் வந்தார்கள். முதல் விநாடியிலிருந்து இருவரும் பின்வாங்கவே இல்லை. இரண்டாவது ரவுண்டில் கிரிஃபினின் மூக்கில் வெட்டு விழுந்து முகமெல்லாம் ரத்தம், டாக்டர் பார்த்துவிட்டுத் தொடர விட்டார். மூன்றாவது ரவுண்டில் இருவருக்கும் கையைத் தூக்கவே தெம்பில்லை, ஆனாலும் தூக்கினார்கள். தொழில்நுட்பம் என்று பார்த்தால் சுத்தமான ஃபைட் இல்லை. கூட்டம் எழுந்து நின்று தரையை உதைத்தது. மூன்று தீர்ப்பாளர்களும் 29-28 என்று கிரிஃபினுக்குக் கொடுத்தார்கள். உடனே யூஎஃப்சி தலைவர் டேனா வைட், தோற்ற பானருக்கும் ஒப்பந்தம் என்று அறிவித்தார்.

யூஎஃப்சி பிழைத்ததே அந்த இரவில்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். 2016இல் அந்த நிறுவனம் சுமார் 400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. கிரிஃபின், பானர் இருவரையும் 2013இல் யூஎஃப்சி புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். பானர் 2022 டிசம்பரில் காலமானார். அந்தப் பதினைந்து நிமிடத்தை இன்று பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது.

தோத்துப்போனவன் திரும்ப வந்து கோப்பையையே வாங்கிட்டுப் போறான். இது நியாயமா?

ஜெயித்தவர் காயத்தால் தொடர முடியாவிட்டால் தோற்றவர்களில் ஒருவரைக் கூப்பிடுவார்கள். சில சீசன்களில் 'வைல்ட் கார்டு' என்று தோற்ற இருவருக்கு ஒரு ஃபைட் வைத்ததும் உண்டு. 11ஆவது சீசனில் கோர்ட் மெக்கீ முடிவு அடிப்படையில் நிக் ரிங்கிடம் தோற்றார். ரிங்குக்குக் காயம், மெக்கீ திரும்ப வந்து சீசனையே ஜெயித்தார். போதை மருந்தால் உயிர் போகும் நிலைக்குப் போய்த் திரும்பிய மனிதர் அவர். அவருக்கு அது இரண்டாவது வாய்ப்பு அல்ல, மூன்றாவது.

ஒன்றைக் கவனித்தீர்களா? திரும்ப வந்தவர்களில் மெக்கீயும் முதல் சீசன் லெபெனும் தீர்ப்பில் தோற்றவர்கள், டாலவே சப்மிஷனில் தோற்றவர். தலையில் அடி வாங்கி நாக்அவுட் ஆனவருக்கு மருத்துவக் கட்டாய ஓய்வு உண்டு, ஆறு வாரத்துக்குள் திரும்ப அழைப்பது மிக அரிது. அதனால் பூட்டு விழுந்தால் எலும்பு முறியும்வரை வீம்பு பிடிக்காமல் தட்டுவது கோழைத்தனம் இல்லை, இந்தப் போட்டியில் அதற்கு நேரடிப் பலனே உண்டு. நியாயமா என்ற கேள்விக்கு என் பதில்: ஆறு வாரம் தாங்குவதுதான் போட்டி என்றால், தயாராக நிற்பவரைக் கூப்பிடுவது நியாயம்தான்.

கோச்சுங்க கடைசில மோதுவாங்கன்னு சொல்லியே சீசன் பூரா ஓட்டுனாங்க. மோதவே இல்லையே?

அடிக்கடி நடக்கும் ஏமாற்றம் இது. 31ஆவது சீசனில் கானர் மெக்ரிகரும் மைக்கேல் சாண்ட்லரும் கோச்சுகள். சீசன் 2023இல் முடிந்தது. 2024 ஜூன் 29க்குக் குறித்த ஃபைட்டும் மெக்ரிகரின் கால்விரல் காயத்தால் கைவிடப்பட்டது. 13ஆவது சீசனில் ப்ராக் லெஸ்னர் வயிற்று நோயால் விலகினார். 15இல் டொமினிக் குரூஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது.

நடந்தபோது மட்டும் அமர்க்களம். 9ஆவது சீசன் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும். கோச்சுகள் டான் ஹெண்டர்சனும் மைக்கேல் பிஸ்பிங்கும். 2009 ஜூலையில் யூஎஃப்சி 100இல் ஹெண்டர்சனின் வலது கை பிஸ்பிங்கைத் தூக்கிப் போட்டது இன்றும் ஓடும் காட்சி.

ஆறு வாரத்துல கோச் புதுசா என்னத்தைக் கத்துக் கொடுத்துட முடியும்?

புது வித்தை பெரிதாக ஒன்றும் முடியாது. நல்ல கோச் செய்வது வேறு. ஆட்களைக் களைப்பிலிருந்து காப்பாற்றுவது, எடையைக் கண்காணிப்பது, ஃபைட் நடுவே ஒரே ஒரு தெளிவான கட்டளையைச் சொல்வது. பயிற்சி என்ற பெயரில் தினமும் இரண்டு வேளை ஆட்களைப் பிழிந்தெடுக்கும் கோச்சின் அணி, மூன்றாவது வாரத்தில் காயத்தோடு உட்கார்ந்திருக்கும்.

ஜெயிச்சவங்க எல்லாம் பின்னாடி சாம்பியன் ஆனாங்களா?

எல்லோரும் இல்லை. ஆனால் பட்டியல் சாதாரணமானதும் இல்லை. கிரிஃபின் 2008 ஜூலையில் ரேம்பேஜ் ஜாக்சனை வென்று சாம்பியன் ஆனார். அதே ஆண்டு டிசம்பரில் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர் இரண்டாவது சீசன் வெற்றியாளர் ரஷாத் எவன்ஸ். மூன்றாவது சீசனின் பிஸ்பிங் பத்தாண்டு காத்திருந்து, 2016 ஜூனில் சில நாள் முன்னறிவிப்பில் வந்து அப்போதைய சாம்பியன் லூக் ராக்ஹோல்டை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தினார். நான்காவது சீசனின் மேட் செர்ரா 2007இல் அப்போதைய சாம்பியன் ஜார்ஜ் செயின்ட் பியரை வீழ்த்தியது இந்த விளையாட்டின் மிகப் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று. பின்னாளில் சாம்பியன் ஆன ராபர்ட் விட்டக்கர், கமாரு உஸ்மான் இருவரும் டஃப் வெற்றியாளர்கள்தான்.

தோற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 14ஆவது சீசன் ஃபைனலில் விழுந்த டிஜே டில்லஷா 2014இல் சாம்பியன். அதனால்தான் டஃப் முடிவை வைத்து ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டாம் என்கிறேன். இது ஆறு வாரப் பரீட்சை, தொழில் வாழ்க்கை பத்து வருடம்.

17ஆவது சீசன்ல உரியா ஹால் எல்லாரையும் மிரட்டினாரே, அவர் ஏன் ஜெயிக்கல?

ஆடம் செல்லாவை அவர் சுழன்று குதிகாலால் அடித்த அந்த உதை, டஃப் வரலாற்றின் மிகக் கொடூரமான நாக்அவுட். அதைவிட எனக்கு நினைவில் நிற்பது அடுத்த சில விநாடிகள். கொண்டாடப் போன ஹால், செல்லா அசையாமல் கிடப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த இரண்டு அணியும் வாயடைத்துப்போனது. அதற்குப் பிறகு எதிரிகள் மோதும் முன்பே பாதி தோற்றிருந்தார்கள்.

பயப்படாதவர் ஒருவர் இருந்தார். கெல்வின் கேஸ்டலம், வயது 21, கோச் சேல் சோனன் அணியில் கடைசியாக எடுக்கப்பட்டவர். ஃபைனலில் உதைக்கத் தேவையான தூரத்தையே ஹாலுக்குக் கொடுக்காமல், நெருங்கி நெருங்கிப் போய்க் கட்டிப்பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்தார். தீர்ப்பாளர்களில் இருவர் கேஸ்டலத்துக்கு, ஒருவர் ஹாலுக்கு.

பெண்கள் எப்ப வந்தாங்க?

2013இல், 18ஆவது சீசனில். ரோண்டா ரவ்ஸி, மீஷா டேட் கோச்சுகள், ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில், ஒரே அணியில். பெண்கள் பிரிவை ஜெயித்த ஜூலியானா பென்யா 2021இல் அமாண்டா நூனஸையே வீழ்த்தி சாம்பியன் ஆனார். அடுத்து 20ஆவது சீசன் முழுக்கப் பெண்கள், ஜெயிப்பவருக்கு நேரடியாக ஸ்ட்ராவெயிட்டின் முதல் பட்டம். கார்லா எஸ்பார்ஸா ஃபைனலில் ரோஸ் நமஜூனஸை வென்றார். பிறகு நமஜூனஸ் சாம்பியன் ஆனார், 2022இல் எஸ்பார்ஸா மீண்டும் அவரிடமிருந்தே பட்டத்தை வாங்கினார். திறமையின் ஆழத்தில் 20ஐ மிஞ்சும் சீசன் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஜெயிச்சா ஆறு இலக்க டாலர்ல ஒப்பந்தம்னு சொல்றாங்களே, அந்தப் பணம் கையில வந்துடுமா?

மொத்தமாக வராது. பல ஃபைட்டுகளுக்கான ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஃபைட் ஆட ஆடத்தான் பணம். தொடர்ந்து தோற்றால் நிறுவனம் நீக்கிவிடலாம். கோப்பையை வாங்கிய பிறகு ஓரிரு வருடத்தில் காணாமல் போனவர்களும் உண்டு.

இப்பதான் கன்டெண்டர் சீரிஸ் இருக்கே. அப்புறம் டஃப் எதுக்கு?

டேனா வைட்டின் கன்டெண்டர் சீரிஸ் 2017இல் தொடங்கியது. ஒரே ஃபைட், முடிந்ததும் அன்றிரவே ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். பின்னாளில் சாம்பியன் ஆன ஷான் ஓ'மாலி, ஜமால் ஹில் போன்றவர்கள் அந்த வழியில் வந்தவர்கள். உண்மையைச் சொன்னால், இன்று நல்ல இளம் ஃபைட்டர்களில் பலர் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆறு வாரம் குடும்பத்தை விட்டு, உடம்பைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஆனால் பார்ப்பவருக்கு டஃப் தருவதை அது தராது. 15ஆவது சீசனில், வாரா வாரம் நேரலையில் ஃபைட் நடந்தபோது, மைக்கேல் கியேசாவின் அப்பா ரத்தப் புற்றுநோயால் இறந்தார். மகன் வீட்டுக்குள் நுழையும் ஃபைட்டை ஜெயித்ததை மட்டும் அவர் பார்த்திருந்தார். இறுதிச் சடங்குக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த கியேசா ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, ஃபைனலில் அல் யாக்வின்டாவைக் கழுத்துப் பூட்டில் முடித்தார். ஒரே இரவு ஃபைட்டில் அந்த மனிதர் யார் என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

சரி, எந்த சீசன்ல இருந்து ஆரம்பிக்கலாம்?

முதல் சீசன். படத்தின் தரம் பழையது, முதல் சில எபிசோடுகள் மெதுவாகப் போகும். பொறுமையாகப் பாருங்கள், ஃபைனலை மட்டும் தனியாகத் தேடிப் பார்க்காதீர்கள். அடுத்து 5, 17, 20. ஒரே ஒரு சீசனுக்குத்தான் நேரம் என்றால் 17. குழந்தைகள் உறங்கிய பிறகு பாருங்கள், ரத்தமும் கெட்ட வார்த்தையும் எல்லா சீசனிலும் உண்டு. ஒரு சீசனைத் தொடங்கும் முன் அதில் வரும் பெயர்களை இணையத்தில் தேடாதீர்கள். பக்கத்தின் முதல் வரியிலேயே யார் ஜெயித்தார் என்று போட்டிருப்பார்கள்.